டேப்பின் கடைசி டிராக்

மைசூர் ராமாபுரத்தில் என் மேசைக்கு வரும் கீபோர்டுகளில் பலவற்றில் பழுதே இருக்காது. "ஸ்டார்ட் அமுக்கினா ரிதம் ஓடமாட்டேங்குது சார்" என்பார்கள். ஏதோ ஒரு கடையில் மெயின் போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். மெனுவைத் திறந்து பார்த்தால் கிளாக் 'எக்ஸ்டர்னல்' என்று நிற்கும். வெளியிலிருந்து யாரோ தாளம் கொடுப்பார்கள் என்று அந்தப் பெட்டி காத்துக்கொண்டிருக்கிறது, கொடுக்கத்தான் ஆளில்லை. 'இன்டர்னல்' என்று மாற்றியதும் ஓடத் தொடங்கிவிடும். காசு வாங்க மனம் வராது.

அந்த ஒரு அமைப்புக்குள் நம் சினிமா இசையின் பெரிய மாற்றம் ஒன்று அடங்கியிருக்கிறது. 'அன்னக்கிளி' வந்த 1976க்கும் 'ரோஜா' வந்த 1992க்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்டால், இசையமைப்பாளர்களின் பாணியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அது நியாயம்தான். அதே ஆண்டுகளில் தாளம் யார் கையில் இருக்கிறது என்பதும் மாறியது. கண்டக்டரின் கையிலிருந்து இறங்கி, அகல டேப் ஒன்றின் கடைசி டிராக்கில் யாருக்கும் கேட்காமல் ஓடும் ஒரு கீச்சொலிக்குப் போய்ச் சேர்ந்தது. என் பிழைப்பு முழுக்க அந்தக் கீச்சொலியின் பின்னால் போனதுதான் என்பதால், அதன் கதையை எழுதிவைக்க ஆசைப்படுகிறேன்.

முதலில் அந்தப் பழைய ஹால். மெட்ராஸில் ஏவிஎம், பிரசாத், விஜயா கார்டன், பரணி என்று எங்கே பாட்டுப் பதிவு நடந்தாலும் நடைமுறை ஒன்றுதான். காலை ஏழிலிருந்து ஒரு மணி வரை ஒரு கால்ஷீட். வயலின் வரிசை ஒரு பக்கம், தபேலாவும் டோலக்கும் ஒரு பக்கம், கேபினுக்குள் பாடகர், எல்லோர் கண்ணும் கண்டக்டர் மேல். ஒருவர் தடுக்கினாலும் 'ஒன் மோர்'தான். முதலிலிருந்து தொடங்க வேண்டும். கன்னடப் பாட்டுகளும் அப்போது பெரும்பாலும் அங்கேதான் பதிவாயின. மைசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வாத்தியக்காரர்கள் ராத்திரி ரயில் ஏறுவார்கள். கன்னட நடிகர் சங்கர் நாக் எண்பதுகளில் பெங்களூரில் சங்கேத் ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கியது அந்த ரயில் பயணத்துக்கு ஒரு மாற்றாகத்தான்.

எங்கள் ஊரின் பங்கு ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. மகாராஜா ஜெயசாமராஜ உடையார் 1940களின் பிற்பகுதியில், லண்டனில் வாழ்ந்த ரஷ்ய இசையமைப்பாளர் நிகோலாய் மெட்னரின் படைப்புகளை எச்.எம்.வி. தட்டுகளில் பதிவுசெய்யப் பணம் கொடுத்தார். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கையாக்கினார். 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடம் கிடைக்கும். அதற்குள் பியானோக்காரரும் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாக வேண்டும். ஒட்டுவதற்கோ திருத்துவதற்கோ வழியில்லை. முப்பது ஆண்டு கழித்துக் கோடம்பாக்கத்து ஹாலில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான்.

அந்தப் பதிவுகளில் வேகம் மூச்சு விடும். பழைய பாட்டுகள் பலவற்றை மெட்ரோனோமில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பல்லவியில் ஒரு வேகம் இருக்கும், இரண்டாம் சரணம் முடியும்போது அது சற்று ஏறியிருக்கும். கேட்கிறவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் பிடிக்கும். படத்தோடு பாட்டைச் சேர்ப்பதிலும் சிக்கல் கிடையாது. 35 எம்.எம். காந்தப் படச்சுருளின் ஓரத்தில் துளைகள் உண்டு. படத்துக்கும் துளை, ஒலிக்கும் துளை. இரண்டையும் பல்சக்கரங்கள் கோத்து இழுக்கும்போது ஒன்றைவிட்டு ஒன்று நழுவ இடமில்லை. பிரச்சினை தொடங்கியது துளையில்லாத டேப் வந்தபோது. 8 டிராக், 16 டிராக், 24 டிராக் டேப்பெல்லாம் வழவழப்பான பட்டை. வெயிலுக்கும் வோல்டேஜுக்கும் அதன் ஓட்டம் துளி மாறும். அதனோடு இன்னொரு இயந்திரத்தை ஓடவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் இரண்டும் பிரிந்துவிடும்.

இயந்திரமும் இயந்திரமும் சேர்ந்து ஓடிய ஓர் அழகான பழைய உதாரணம் பம்பாயில் இருக்கிறது. அது மிடி என்ற பொது இணைப்பு முறைக்கு முந்தியது. சினிமா இசைக்கு கிடாரும் பேஸும் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், சிங்கப்பூரில் வாங்கிய ரோலண்ட் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 மூன்றையும் வைத்து 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஓர் ஆல்பமாக்கினார். அப்போது அது விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது, மேற்கே 'ஆசிட் ஹவுஸ்' என்று பெயர் பெற்ற இசை பிறப்பதற்கு முன்பே இங்கே ஒருவர் அந்த ஒலியை எடுத்துவிட்டார் என்று வெளிநாட்டுக்காரர்கள் வியந்தார்கள். எனக்கு வியப்பு வேறு இடத்தில். டிரம் மெஷினும் பேஸ் பெட்டியும் பிசகாமல் சேர்ந்து போகின்றனவே, அது ரோலண்ட் தன் பெட்டிகளுக்கென்று வைத்திருந்த ஒரு கேபிள் ஏற்பாடு. ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்பு அந்தக் கம்பியில் போகும். கோர்க் நிறுவனத்தின் பெட்டியில் அது 48. ஒன்றின் துடிப்பை இன்னொன்றுக்குக் கொடுத்தால் வேகம் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். கம்பெனிக்கு ஒரு தாளம் என்று இருந்த காலம் அது.

இதை முடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் இருவர். ரோலண்டை நிறுவிய இக்குதாரோ கக்கேஹாஷி, அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நடத்திய டேவ் ஸ்மித். போட்டிக் கம்பெனிகளின் முதலாளிகள். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த 'நாம்' (NAMM) என்னும் வர்த்தகக் காட்சியில், ஸ்மித்தின் பிராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6ஐயும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றது பாடியது. அந்த ஆண்டே மிடி விதிமுறை வெளியானது. அதற்கு அவர்கள் உரிமத் தொகை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மைசூரில் ஒரு மெல்லிசைக் குழுக்காரன் கையில் அது எப்போது வந்து சேர்ந்திருக்குமோ! இருவருக்கும் சேர்த்து 2013இல் கிராமியின் தொழில்நுட்ப விருது கொடுத்தார்கள். எனக்கு அன்று பண்டிகை.

மிடி கேபிளில் ஒலி போகாது. 'இந்த நோட்டை அமுக்கு, இவ்வளவு அழுத்தமாக', 'விடு' என்கிற கட்டளைகள்தான் போகும். விநாடிக்கு 31,250 பிட், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு நோட்டைச் சொல்லி முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு மில்லிவிநாடி பிடிக்கும். பத்து விரலாலும் ஒரே நேரத்தில் அமுக்கினாலும், மறுமுனைக்கு அவை வரிசையில் நின்றுதான் போய்ச் சேரும். அந்த வரிசைக்கு நடுவிலேயே தாளத் துடிப்பும் போகிறது, பழைய ரோலண்ட் கணக்குப்படி கால் நோட்டுக்கு 24.

இந்த 24 எங்களைப் படுத்திய பாடு தனிக் கதை. இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் வகுபடும் எண் அது. சதுஸ்ரத்துக்கு ஆறாறு துடிப்பு, திஸ்ரத்துக்கு எட்டெட்டு. கண்டத்துக்கு ஐந்தால் வகுத்தால் 4.8 வருகிறது, மிஸ்ரத்துக்கு ஏழால் வகுத்தாலும் மீதி நிற்கிறது. நோட்டுகளை நினைவில் வைத்துத் தானே வாசிக்கும் அன்றைய சீக்வென்சர் பெட்டிகள் பலவற்றுக்குள்ளே கால் நோட்டுக்கு 96 பங்கு இருக்கும். அதுவும் ஐந்தால் வகுபடாது. ஒரு அடியை ஐந்தாகப் பிரித்து எழுதினால் 19, 19, 19, 19, 20 என்று பெட்டி தானே சமாளித்துக்கொள்ளும். காதுக்குச் சட்டென்று பிடிபடாத பிசகுதான். பக்கத்தில் ஒரு மிருதங்கக்காரர் உட்கார்ந்திருந்தால் அவர் முகம் சுளிக்கும். அதற்கு வழி, அடியைப் பிரிக்காமல் ஒவ்வொரு அட்சரத்தையும் முழு நோட்டாக வைத்து, டெம்போவை அதற்கேற்ப ஏற்றி எழுதுவது. கண்ட சாபுவை மெஷினில் ஏற்றிய ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த வழி இது.

இனி டேப்புக்கு வருவோம். சீக்வென்சரும் டிரம் மெஷினும் சேர்ந்து ஓடினால் போதாது. பாடகரின் குரலும் வயலினும் டேப்பில் இருக்கின்றன, டேப்போடும் அவை சேர வேண்டும். அதற்குக் கண்ட வழிதான் ஸ்ட்ரைப் அடிப்பது. பாட்டுப் பதிவுக்கு முன்பே டேப்பின் கடைசி டிராக் முழுக்க ஒரு குறியொலியைப் பதிந்துவிடுவார்கள். டேப் ஓடும்போது ஒரு சின்னப் பெட்டி அந்த ஒலியைக் கேட்டு, கிளாக்காக மாற்றி சீக்வென்சருக்கு அனுப்பும். டேப் துளி மெதுவானால் சீக்வென்சரும் மெதுவாகும். படச்சுருளின் துளைகள் செய்த வேலையை இப்போது இந்த ஒலி செய்தது.

ஆரம்பத்தில் வந்த மலிவான முறையில் இரண்டு சுருதிகள் மாறி மாறிக் கீச்சிடும், அவ்வளவுதான். அதில் எத்தனை துடிப்பு போனது என்று தெரியும், எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாது. இரண்டாம் சரணத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றாலும் டேப்பை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பெரிய ரிகார்டிங் தியேட்டர்களில் வந்த எஸ்.எம்.பி.டி.இ. டைம்கோட், அமெரிக்காவில் 1960களின் இறுதியில் வீடியோ டேப்பை எடிட் செய்யப் பிறந்தது. மணி, நிமிடம், விநாடி, பிரேம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் முகவரி வைத்திருக்கும். எங்கே நிறுத்தி எங்கே ஓட்டினாலும் சீக்வென்சர் அங்கே வந்து நிற்கும். 1987இல் அந்த முகவரியையே மிடி கேபிளில் அனுப்பவும் வழி வந்தது.

முகவரியிலும் ஒரு பள்ளம் உண்டு. சினிமாப் படம் விநாடிக்கு 24 பிரேம். நம் ஊர் வீடியோ 25. ஆர்.ஆர். என்கிற பின்னணி இசை வாசிக்கப் படத்தை வீடியோவுக்கு மாற்றும்போது அதை 25 பிரேமில் ஓட்டினால் பத்து நிமிட ரீல் 9 நிமிடம் 36 விநாடியில் முடிந்துவிடும். அதைப் பார்த்து வாசித்த இசையைத் திரும்பப் படத்தில் வைத்தால், கடைசிக் காட்சியில் கதவு சாத்துவதற்கு 24 விநாடி முன்பே 'டம்' என்று விழும். இசையை இழுத்து மெதுவாக்கினாலோ சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கும். இந்தக் கணக்கை முதலிலேயே கேட்டு வாங்காத உதவியாளருக்குத் தியேட்டரில் இடமில்லை.

1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தியதைத்தான் தமிழ் சினிமாவில் கம்ப்யூட்டர் இசையின் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். அவருடைய குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்களில் ஒருவர் திலீப். அவருடைய தந்தை ஆர்.கே. சேகர் மலையாள சினிமாவின் இசையமைப்பாளர். அவர் 1976இல் இறந்தபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. அந்தத் திலீப் ஏ.ஆர். ரஹ்மானாகிக் கோடம்பாக்கத்து வீட்டிலேயே பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தார். முதல் பதிவுக் கருவி வாங்கத் தாயார் நகையைக் கொடுத்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். 'ரோஜா'வின் பாட்டுகள் அங்கேதான் உருவாயின. ஒரு வீட்டு அறையிலிருந்து அப்படியோர் ஒலி எப்படி வந்தது என்று ஊரே கேட்டது. திறமைக்கு நான் விளக்கம் சொல்ல முடியாது. அறையைப் பற்றிச் சொல்ல முடியும். தாளத்தைப் பெட்டி பிடித்துக்கொண்டால் அறுபது பேரும் ஒரே நேரத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டியதில்லை. இன்று தபேலா, நாளை புல்லாங்குழல், மறுநாள் குரல். ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து, ஒவ்வொரு இழையாக நெய்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பிரிக்கலாம். அந்தச் சுதந்திரம் ஸ்ட்ரைப் டிராக் கொடுத்தது.

என் மாதிரி ஆட்களுக்குக் கிடைத்தது இதன் சின்னப் பதிப்பு. தொண்ணூறுகளில் மைசூரில் பக்திப் பாட்டுக் கேசட் வியாபாரம் நன்றாக நடந்தது. சாமுண்டி மேல், மாதேஸ்வரன் மேல், நஞ்சுண்டேஸ்வரன் மேல். நான்கு டிராக் கேசட் ரிகார்டரில் நான்காவதில் குறியொலி, மீதி மூன்றில் குரலும் நாதஸ்வரமும் தவிலும், கீபோர்டு எல்லாம் சீக்வென்சரிலிருந்து நேராக. கருவிகள் 'குருவி'கள் மூலம் சிங்கப்பூரிலிருந்து வரும். கேபிளுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு.

அந்தக் கேபிளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். மிடி பிளக்கில் அரைவட்டமாக ஐந்து முள் இருக்கும். நடு முள் கவசக் கம்பிக்கு. அதன் இருபுறமும் ஒட்டி நிற்கும் இரண்டில்தான் வேலை நடக்கிறது. ஓரத்து முட்கள் இரண்டும் சும்மா. பழைய ஐரோப்பிய டேப் ரிகார்டர்களுக்கும் இதே தோற்றத்தில் பிளக் உண்டு, உள்ளே இணைப்பு வேறு. கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்துவிடுவார். பொருந்திவிடும், பேசாது. மல்டிமீட்டரில் முள்ளுக்கு முள் வைத்துப் பார்க்காமல் ஒரு கேபிளையும் பையில் போடக் கூடாது. மறுமுனையில் இன்னோர் அழகு: உள்ளே வரும் மின்சாரம் ஒரு சிறிய விளக்கை எரிக்கும், அந்த வெளிச்சத்தை எதிரே ஒரு உணரி பார்க்கும், செய்தி வெளிச்சமாகவே தாண்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் மின் தொடர்பே இல்லை. எர்த் சரியில்லாத மேடைகளில் வாசித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தொழில் கற்றுக்கொண்டது மெட்ராஸில். காவேரி எக்ஸ்பிரஸில் போய் ஒரு தியேட்டரில் ஓரமாக நிற்பேன். ஒருநாள் டிரம் மெஷின் விக்கிக்கொண்டே ஓடியது. எல்லோரும் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார்கள். மூத்த என்ஜினியர் ஒருவர் வந்தார். "யாருப்பா மாஸ்டர்?" என்று ஒரே கேள்வி. சீக்வென்சர் என்றார்கள். "அப்ப டிரம் மெஷின் ஏன் இன்டர்னல்ல நிக்குது? ரெண்டு பேரும் நான்தான் மாஸ்டர்னா பாட்டு எங்க போய் நிக்கும்?" என்று ஒரு பட்டனை அமுக்கிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். நான் இன்றுவரை எந்த வேலையையும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறேன்.

ஸ்ட்ரைப் டிராக்கின் நோய்களையும் அவரிடம்தான் படித்தேன். குறியொலியை உரக்கப் பதிந்தால் பக்கத்து டிராக்கில் கசியும், மெல்லிய வீணைக்குப் பின்னால் கொசு மாதிரி கேட்கும். சன்னமாகப் பதிந்தால் டேப்பில் ஒரு தூசு பட்டாலே படிக்கும் பெட்டி தடுமாறும். அதனால்தான் கடைசி டிராக். ஒரு பக்கம் மட்டுமே அண்டை வீட்டார், முடிந்தால் அந்த அண்டை டிராக்கையும் காலியாக விடுவார்கள். இரைச்சல் குறைக்கும் சர்க்யூட் அந்த டிராக்கில் அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது குறியொலியையே திருத்தி அழகுபடுத்தி நாசமாக்கும். பாட்டைச் சுழி மணியில் தொடங்கக் கூடாது, ஒரு மணியில் தொடங்க வேண்டும். டேப்பைச் சற்றுப் பின்னால் சுற்றினால் சுழிக்கு முன்னால் 23 மணி 59 நிமிடம் என்று போய் சீக்வென்சர் திகைத்துவிடும்.

1992இல் எட்டு டிராக்கை வீடியோ கேசட்டில் பதியும் ஏடாட் வந்தது. பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனது. இப்போது கோளாறு, ஒலியைச் சற்றுத் தேக்கி அனுப்பும் பஃபரில் இருக்கிறது. 256 சாம்பிள் என்று வைத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கே ஆறு மில்லிவிநாடி. 1024 என்றால் வாசிக்கிறவர் விரலுக்கும் காதுக்கும் நடுவில் இடைவெளி தட்டுப்படும். 2020இல் அறிவித்த மிடி 2.0இல் செய்தியோடு நேர முத்திரையும் சேர்ந்து போக வழி இருக்கிறது. நல்ல விஷயம், நம் மேடைகளுக்கு வரட்டும்.

இந்த மாற்றத்தில் வேலை இழந்தவர்களை மறந்து நான் எழுத முடியாது. வயலின் வரிசையில் பின் பெஞ்சில் உட்கார்ந்து, தினம் ஒரு கால்ஷீட்டில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் ஏராளம். அவர்களுடைய ஹால் சுருங்கிப்போனது. வேகம் மூச்சு விடுவதும் நின்றது. என்னைக் கேட்டால் லாபம் பெரிது, நஷ்டமும் உண்மை.

இன்னொரு நஷ்டத்தைத் தடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. சீக்வென்சர் டேப்போடு சேர்ந்து ஓடியதால், கீபோர்டு பகுதிகளை டேப்பில் பதியாமலே விட்ட பதிவுகள் உண்டு. மிக்ஸிங்கின்போது அவை நேராக வாசித்தன, அத்தோடு சரி. இன்று அந்த மல்டிடிராக் டேப்பை எடுத்து ஓட்டினால் குரல் இருக்கும், புல்லாங்குழல் இருக்கும், கடைசி டிராக்கில் கீச்சொலி இருக்கும். பாதி இசை இருக்காது. அது மூன்றரை அங்குல பிளாப்பி ஒன்றில் எங்கோ ஒரு வீட்டு அலமாரியில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்படி பிளாப்பி வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து கொண்டுவாருங்கள். சீக்வென்சர் கம்பெனிகளின் வட்டுகளில் பலவற்றை கம்ப்யூட்டரில் சொருகிப் படிக்க முடியாது. அந்தப் பெட்டியிலேயே ஓடவிட்டு, மிடி கேபிள் வழியாக கம்ப்யூட்டரில் பிடித்து, 1988இலிருந்து எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஸ்டாண்டர்டு மிடி ஃபைலாகச் சேமிக்க வேண்டும். பெட்டி மாஸ்டர், கம்ப்யூட்டர் எக்ஸ்டர்னல். வட்டின் உறையில் பென்சிலில் டெம்போவும் டைம்கோட் தொடங்கும் இடமும் எழுதியிருக்கும், உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த சேனலில் எந்தக் கீபோர்டின் எந்த எண் ஒலி என்று யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபைலுக்குள் நோட்டு இருக்கும், அது டி-50யா எம்1ஆ என்பது இருக்காது.